டெத் வேலிக்குக் குடும்பத்தோடு: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

டெத் வேலி தேசியப் பூங்கா கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் நெவாடாவுக்குள் நீண்டிருக்கும். இதுவரை நான்கு முறை குடும்பத்தோடு அங்கே போய் வந்திருக்கிறோம். முதல் முறை நன்றாகச் சொதப்பினோம். அதனாலோ என்னவோ, நண்பர்கள் யார் கிளம்பினாலும் போன் எங்களுக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேரே ‘மரணப் பள்ளத்தாக்கு’. சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. 1849இல் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய ஒரு கூட்டம் குறுக்கு வழி என்று நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கில் இறந்தவர் ஒருவர்தான். ஆனால் தப்பித்து மலையேறியவர்கள் திரும்பிப் பார்த்து வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு மிக முன்பிருந்தே டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இங்கே வாழ்ந்து வந்தார்கள். இன்றும் பள்ளத்தாக்கின் நடுவே விடுதிகளும் விசிட்டர் சென்டரும் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் பக்கத்தில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. அவர்களுக்கு இது வீடு. கோடையில் மலைக்கு ஏறுவார்கள், குளிர்காலத்தில் கீழே இறங்குவார்கள். நீங்களும் அதையே செய்தால் போதும்.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை. டிசம்பரில் பகலில் சராசரியாக 65 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், இரவில் 40க்குக் கீழே போகும். மார்ச்சில் பகல் 80ஐத் தாண்டும். ஏப்ரல் சராசரி 90. குழந்தைகளுக்கு அதுவே கடைசி எல்லை என்பேன். ஜூலைச் சராசரி 116ஐ ஒட்டி, அதாவது சுமார் 47 செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று இங்கே பதிவான 134 டிகிரிதான் (56.7 செல்சியஸ்) உலகிலேயே மிக அதிகமான காற்று வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் சாதனை. அந்தப் பழைய அளவீட்டை நம்பாத வானிலையாளர்களும் உண்டு.

பள்ளிக்கூட லீவு கோடையில்தானே என்று கேட்பீர்கள். நன்றி தெரிவிக்கும் நாள் வாரமும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், பரவாயில்லை. ஜூலையில் போவதானால் அது சுற்றுலா இல்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே வெயிலைப் பார்ப்பது. 2024 ஜூலையில் ஒரு பயணி மணல்மேட்டில் செருப்பு கழன்று வெறுங்காலில் நடந்து, உள்ளங்கால் தோல் மோசமாக வெந்துபோனது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஹெலிகாப்டரைத் தாங்காது. அதனால் ஹெலிகாப்டர் இறங்க முடியாமல், அவரை வண்டியில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது உதவி வருவதும் கடினம் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

அப்படி என்ன, அந்த ஒரு இடத்தில் மட்டும் அவ்வளவு சூடு?

இது என் மகள் கேட்டது. பேட்வாட்டர் என்ற இடம் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம் அதுதான். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவே நீளமான, குறுகலான தொட்டி. தரை சூடாகி, காற்று மேலே எழுந்து, மலைச்சுவருக்குள்ளேயே சிக்கித் திரும்பக் கீழே இறங்கும். இறங்கும்போது அழுத்தத்தால் இன்னும் சூடேறும். பசிபிக்கிலிருந்து வரும் மழை மேகங்கள் வரிசையாக நிற்கும் மலைத்தொடர்களில் காலியாகிவிட்டு வருகின்றன. வருடத்துக்குச் சுமார் 2 அங்குலம்தான் மழை. மறைக்க மரமில்லை, ஆற்றுவதற்கு ஈரமில்லை.

மேற்கே நிமிர்ந்து பார்த்தால் டெலஸ்கோப் சிகரம், 11,049 அடி. குளிர்காலத்தில் அதன் மேல் பனி படர்ந்திருக்கும். நீங்கள் கீழே உப்பின் மேல் டீ-ஷர்ட்டோடு நிற்பீர்கள். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்பதை மனதில் வைத்தால், எந்த நேரத்தில் எந்த உயரத்துக்குப் போவது என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வரிசையில் பார்ப்பது?

இரண்டு இரவு, மூன்று பகல். ஒரே நாளில் லாஸ் வேகஸிலிருந்து போய்த் திரும்பலாம்தான். ஃபர்னஸ் கிரீக் அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஆனால் அப்படிப் போனால் நீங்கள் அங்கே இருப்பது சரியாக நடுப்பகலில். எல்லா இடமும் தட்டையாக, வெளுத்து, கண் கூசத் தெரியும் நேரம் அது.

முதல் முறை நாங்கள் செய்தது அதுதான். ஏழு இடங்கள் எழுதிய ஒரு பட்டியலோடு காலை பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தோம். ஏழையும் பார்த்தோம். ஐந்தாவது இடத்தில் பையன் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றான், ஆறாவதில் தூங்கிவிட்டான், ஏழாவதில் நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. பாலைவனத்தில் இடங்களைப் பட்டியல் போடாதீர்கள், நேரத்தைப் பட்டியல் போடுங்கள். விடியலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. நடுப்பகலுக்கு ஒன்றும் வேண்டாம்.

இப்போது நாங்கள் போகும் வரிசையைச் சொல்கிறேன். முதல் நாள் மதியத்துக்குமேல் வந்து சேர்ந்து, சூரியன் சாய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஸ்டவ்பைப் வெல்ஸ் அருகிலுள்ள மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகள். மிக உயரமானது நூறு அடியை ஒட்டி இருக்கும். உச்சிவரை போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முதல் மேட்டிலேயே குழந்தைகள் உருண்டு விளையாட ஆரம்பித்துவிடுவார்கள், அவ்வளவுதான் பயணத்தின் சிகரம்.

மறுநாள் இருட்டோடு எழுந்து ஸாப்ரிஸ்கி பாயிண்ட். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் வெளிச்சம் எதிரே இருக்கும் பனமிண்ட் மலை உச்சியில் பட்டு, மெதுவாக இறங்கி, கடைசியில்தான் உங்கள் காலடியில் இருக்கும் மஞ்சள் மடிப்புகளுக்கு வரும். போர்வையோடு போங்கள், காற்று குளிரும். திரும்பிவந்து காலை உணவு முடித்து, வெயில் ஏறும் முன் கோல்டன் கேன்யனில் ஒரு மணி நேர நடை. முடிவுவரை போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பதினொன்று முதல் மூன்று வரை தூக்கம், சீட்டுக்கட்டு, நீச்சல் குளம், விசிட்டர் சென்டர். மூன்றரைக்கு ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்: ஒன்பது மைல் ஒருவழிப் பாதை. அதில் வரும் ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் என்ற, பச்சையும் ரோஜா நிறமும் கலந்த மலைச்சரிவு மேற்கு நோக்கி இருப்பதால் மாலையில்தான் நிறம் எழும். அங்கிருந்து பேட்வாட்டர். காலையில் அது கிழக்கு மலையின் நிழலில் கிடக்கும். மாலையில் போனால் உப்பின் அறுகோணக் கட்டங்களுக்கு நீளமான நிழல் விழும். காரை நிறுத்திய இடத்திலேயே நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே நடந்தால்தான் மிதிபடாத வெள்ளை உப்பு வரும். திரும்பும்போது மலைமுகத்தில் உயரே ‘கடல் மட்டம்’ என்று எழுதிய பலகை இருக்கும். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு சாக்லேட்.

மூன்றாம் நாள் காலை, கிளம்பும் வழியில் டான்டேஸ் வியூ. 5,475 அடியிலிருந்து முந்தின மாலை நடந்த உப்பை அப்படியே கீழே பார்க்கலாம். இதைக் கடைசியில் வைப்பது என் விருப்பம். நடந்து பார்த்த பிறகு மேலிருந்து பார்த்தால்தான் குழந்தைகளுக்கு அந்த அளவு புரிகிறது.

எங்கே தங்குவது?

பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக்கில் இரண்டு விடுதிகள் (ஒன்று மிக விலையானது), ஸ்டவ்பைப் வெல்ஸில் ஒன்று, மேற்கு ஓரத்தில் பனமிண்ட் ஸ்பிரிங்ஸில் ஒன்று. வெளியே தங்கினால் நெவாடாவின் பீட்டி மலிவு. ஆனால் விடியலுக்கு இருட்டில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். குழந்தைகள் இருந்தால் உள்ளே ஒரு இரவாவது தங்கிவிடுங்கள்.

டென்ட் போடுவதானால் ஃபர்னஸ் கிரீக் கேம்ப்கிரவுண்ட். குளிர்காலப் பருவத்தில், அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னதாகவே பதிவு திறக்கும். விடுமுறை வாரங்களுக்கு இடம் உடனே தீர்ந்துவிடும். அது கிடைக்காவிட்டால் அருகிலேயே டெக்ஸஸ் ஸ்பிரிங்ஸ். ஜெனரேட்டருக்குத் தடை என்பதால் இரவு நிஜமாகவே அமைதி. சன்செட் என்ற இடம் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளுக்கான சரளைக்கல் மைதானம், டென்ட்டுக்கு வேண்டாம். இந்த ஊர்க் காற்றைக் குறைத்து எடைபோடாதீர்கள். பகலில் வெளியே போகும்போது டென்ட்டுக்குள் கனமான பைகளை வையுங்கள். பக்கத்து டென்ட் உருண்டு ஓடியதையும் அதன் பின்னால் ஒரு அப்பா ஓடியதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

விறகு பொறுக்கக் கூடாது. தீ மூட்டுவது கேம்ப்கிரவுண்டில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மட்டும்.

கட்டணம் எவ்வளவு?

ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். நுழைவாயிலில் மறித்து வாங்கும் கூண்டு எதுவும் இல்லை. சாலையோர இயந்திரத்திலோ விசிட்டர் சென்டரிலோ நீங்களாகவே கட்ட வேண்டும். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான வருடப் பாஸ் 80 டாலர். வருடத்தில் மூன்று பூங்கா போனாலே லாபம். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பாஸே வாங்க வேண்டாம், அந்த ஒரு வருடம் பிள்ளையின் பேரில் காரோடு இலவசம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தோதுப்படுமா?

மற்றப் பல பூங்காக்களைவிட நன்றாகவே. டான்டேஸ் வியூவும் ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட்டும் காரை விட்டு இறங்கிய இடத்திலேயே தெரியும். ஸாப்ரிஸ்கியில் தார் போட்ட சின்ன ஏற்றம்; நிதானமாக ஏறலாம். பேட்வாட்டரில் தொடக்கத்தில் பலகைப் பாதை, பிறகு இறுகிய உப்பு, சமதளம். முழங்கால் வலிக்காரர்கள் டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸில் மட்டும் இறங்க வேண்டாம். கத்தி போன்ற உப்புப் பாறைகள், விழுந்தால் கிழிக்கும். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வெயில் எந்த அளவு தாங்கும் என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. சில மாத்திரைகள் உடல் சூட்டைச் சமாளிப்பதைக் குறைத்துவிடும்.

கட்டணம் காருக்கு என்பதால் அவர்களுக்குத் தனியாக எதுவும் இல்லை. இதே பயணத்தில் கிராண்ட் கேன்யனோ ஸயானோ சேர்ப்பதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். 2026 முதல் அவை உட்பட 11 பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். டெத் வேலி அந்தப் பட்டியலில் இல்லை.

எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போவது?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றே குறைவு. அது சும்மா இருப்பவருக்கு. நடந்தால் அதற்கு மேல். நாலு பேர், மூன்று நாள் என்றால் 12 கேலன். காரின் பின்பக்கத்தில் பாதியை அது அடைத்துக்கொள்ளும், அடைக்கட்டும். விசிட்டர் சென்டரில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் டயர் வெடித்து நிற்பது விசிட்டர் சென்டர் வாசலில் இல்லை.

குழந்தைகள் தாகம் என்று சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். காற்று அவ்வளவு உலர்ந்தது என்பதால் வியர்வை தோலில் தங்காமலே ஆவியாகிவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டே உடல் நீரை இழந்துகொண்டிருக்கும். வெறும் தண்ணீரும் போதாது, உப்பு வேண்டும். எங்கள் காரில் முறுக்கு டப்பா முன்சீட்டில்தான் இருக்கும். குழந்தை திடீரென்று சோர்ந்து, தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் நடையை அங்கேயே நிறுத்தி, நிழலுக்கோ ஏ.சி. போட்ட காருக்கோ கொண்டுபோய், துணியை நனைத்துப் போர்த்துங்கள். பேச்சு குழறினால் அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

கோடைக்காலத்தில் பள்ளத்தாக்கில் காலை பத்து மணிக்கு மேல் நடக்கவே வேண்டாம் என்பது ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) சொல்வது. அதை ஏப்ரலுக்கும் நீட்டிக்கொள்வது எங்கள் வீட்டு விதி.

சாதாரண கார் போதுமா? போனில் மேப் வேலை செய்யுமா?

மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் சாதாரண கார் போதும். மேப்பை நம்ப வேண்டாம்.

இங்கே வெயிலைவிட அதிகம் பேரைக் கொல்வது கார்தான். இன்னொரு வண்டி மோதியதுகூட இல்லை: நேரான காலிச் சாலையில் வேகம் பிடித்து, ஒரு வளைவில் சரளையில் சக்கரம் இறங்கி, தானே கவிழ்வது. கையில் ஸ்டியரிங் இருப்பவர் மலையைப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டுமென்றால் நிறுத்துங்கள்.

ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. கருவி காட்டும் ‘குறுக்கு வழி’ பல வருடங்களாக வண்டி போகாத மண்தடமாக இருக்கலாம். 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் மகனும் அப்படியொரு தடத்தில் மணலில் புதைந்து ஐந்து நாள் சிக்கினார்கள், சிறுவன் பிழைக்கவில்லை. எனவே விசிட்டர் சென்டரில் தரும் காகித வரைபடம், தேசியப் பூங்கா ஆப்பில் முன்பே இறக்கிவைத்த பக்கங்கள், இரண்டும் வேண்டும். ஊரில் யாராவது ஒருவருக்கு எந்தச் சாலையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லி வையுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியோடே இருங்கள். நடந்து போகும் மனிதனைத் தேடுவதைவிடக் காரைக் கண்டுபிடிப்பது எளிது.

உள்ளே நுழையும் முன் டேங்கை நிரப்புங்கள். உள்ளே பெட்ரோல் கிடைக்கும், விலையைப் பார்த்தால் தாகம் எடுக்கும்.

நகரும் கற்களைப் பார்க்கலாமா?

ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரித்தளத்தில் இருக்கின்றன. அதற்குக் கடைசி 27 மைல், டயரைக் கிழிக்கும் கூரான கற்சாலை. உயரமான வண்டி, உறுதியான டயர், முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் வேண்டாம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலைக்கு அனுமதிப்பதும் இல்லை. குழந்தைகளிடம் கதையை மட்டும் சொல்லுங்கள், அதுவே நன்றாக இருக்கிறது: ஆளே தள்ளாமல் கற்கள் சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு போவது எப்படி என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 2013 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். இரவில் உறைந்த மெல்லிய பனித்தகடு, காலை வெயிலில் உடைந்து, லேசான காற்றில் மிதந்து கற்களைத் தள்ளிக்கொண்டு போகிறது.

பேட்வாட்டரில் ஏரி வந்ததாமே?

வந்தது. 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. ஒரு வருட மழை ஒரே நாளில். சாலைகள் அடித்துப்போய்ப் பூங்கா ஏறத்தாழ இரண்டு மாதம் மூடியிருந்தது. பனியுகத்தில் இங்கே இருந்த மேன்லி ஏரி ஒரு அடி, இரண்டு அடி ஆழத்தில் திரும்பி வந்து, 2024 பிப்ரவரியில் மக்கள் அதில் படகு ஓட்டினார்கள். பிறகு வற்றிவிட்டது. கிளம்பும் முந்தின நாள் பூங்காவின் இணையதளத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். மேகம் கறுத்தால் குறுகலான பள்ளங்களுக்குள் நுழையாதீர்கள். மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டும் என்றில்லை, மலைமேல் எங்கோ பெய்தாலே வெள்ளம் வரும்.

பூக்கள்?

2005இலும் 2016இலும் பள்ளத்தாக்கே மஞ்சளாகியது. அதற்காகப் பூவை நம்பி டிக்கெட் எடுக்க முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் போய், இருந்தால் பாருங்கள்.

பாம்பு, தேள்?

உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையும் காலையும் வைக்காதீர்கள், காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது கயோட்டி, நரி மாதிரியான காட்டு விலங்கு. சாலையோரம் பாவமாக நின்று பார்க்கும். தீனி போடாதீர்கள், மனிதர்களிடம் பழகிய கயோட்டி கடைசியில் காரடியில்தான் சாகிறது.

நாய், டிரோன்?

நாயை டிரெயிலுக்குக் கூட்டிப் போகக் கூடாது. சாலையிலும் கேம்ப்கிரவுண்டிலும் ஆறடிக் கயிற்றோடு சரி. டிரோன் எந்தத் தேசியப் பூங்காவிலும் கூடாது.

பிள்ளைகளுக்குப் போரடிக்காதா?

ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை விசிட்டர் சென்டரில் முதல் நாளே வாங்கிவிடுங்கள். பூர்த்தி செய்து ரேஞ்சர் முன் உறுதிமொழி சொன்னால் பேட்ஜ் கிடைக்கும். எங்கள் பையன் அதை ஒரு மாதம் கழற்றவில்லை. ஹார்மனி போராக்ஸ் ஒர்க்ஸில் நிற்கும் பழைய வண்டியும் பிடித்துப்போகும். 1880களில் வெண்காரத்தை ஏற்றிக்கொண்டு இருபது மிருகங்கள் பூட்டிய வண்டி 165 மைல் தள்ளியிருந்த மொஹாவி ரயில் நிலையம்வரை போயிருக்கிறது.

இரவில் போன்களை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். 2013 முதல் இது தங்கத் தர இருண்ட வானப் பூங்கா. அமாவாசையை ஒட்டித் தேதி வைத்தால் பால்வீதி துணி விரித்த மாதிரி தெரியும் (மையப் பகுதி தெரிய வசந்தத்தில் விடியலுக்கு முன் எழ வேண்டும்). கிழக்கே அடிவானத்தில் மங்கலாக ஒரு ஒளி இருக்கும். அது லாஸ் வேகஸ்.

ஏற்கெனவே ஒரு முறை போயாயிற்று. மறுபடி போக என்ன இருக்கிறது?

யூபிஹீபி எரிமலை வாய், 600 அடி ஆழம். மொசைக் கேன்யனில் மழைவெள்ளம் மெருகேற்றிய சலவைக்கல் சுவர்கள், குழந்தைகள் சறுக்கி விளையாடலாம். எனக்குப் பிடித்தது வைல்ட்ரோஸ் கரிச்சூளைகள். 1877இல் கட்டியவை, தேன்கூடு மாதிரி பத்து சூளைகள் ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் 25 அடி உயரம். மலைமேல் இருப்பதால் கீழே கொதிக்கும்போதும் அங்கே குளிர்ச்சி. சில வருடங்கள்தான் பயன்படுத்தினார்களாம். உள்ளே நுழைந்து மூச்சை இழுத்தால் புகை வாசனை இன்னும் இருக்கிறது. அது என் கற்பனை என்கிறாள் மகள். அவளையும் கூட்டிப் போய் இரண்டாம் முறை முகர்ந்து பார்த்தோம், இன்னும் முடிவாகவில்லை.